ஒலிபெருக்கியின் மேல் சுமத்திய பழி

மோட்டார் காரில் பாட்டுக் கேட்கும்பொழுது, பாட்டோடு சேர்ந்து ஒலிபெருக்கியிலிருந்து வரும் வேண்டாத இரைச்சலைப் பற்றி இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன். முப்பத்தோர் ஆண்டுகள் பௌதிகம் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இது பேசத் தகுந்த பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். இந்த இரைச்சலின் காரணமாக நான் ஓர் இளைஞனுக்கு அநீதி செய்துவிட்டேன். அதைச் சொல்லாமல் பௌதிகத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

எனக்கு மயிலாப்பூரில் வீடு. பழைய சிறிய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் முன்கதவுகளில் இருந்த ஒலிபெருக்கிகள் மழை ஈரத்தில் நனைந்து நனைந்து காகிதக் கூம்பு உப்பிக் கிழிந்துவிட்டன. சென்ற ஆண்டு தியாகராய நகரில், பனகல் பூங்காவிற்கு அருகில் ஒரு சந்தில் சிறு கடை வைத்திருக்கும் இளைஞன் ஒருவனிடம் வண்டியைக் கொடுத்துப் புதிய ஒலிபெருக்கிகள் இரண்டைப் பொருத்தச் சொன்னேன். அவன் பொருத்தி, ரேடியோவைப் போட்டுக் காட்டினான். தெளிவாகப் பாடிற்று. ஒலிபெருக்கிகளின் விலையைக் கொடுத்தேன். கூலி 1,200 ரூபாயை மறுநாள் தருவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

லஸ் முனைக்கு வருவதற்குள் மெல்லிய ஊளை ஒன்று கேட்டது. கைப்பேசியிலிருந்து நான் போட்டிருந்த வீணை இசைக்குப் பின்னால், கொசு ரீங்கரிப்பதுபோல அது வந்தது. வண்டியின் வேகத்தைக் கூட்டினால் ஊளையின் சுருதியும் ஏறியது. சிக்னலில் நின்றால் இறங்கியது. மறுநாளே திரும்பிச் சென்று, “தம்பி, மட்டமான ஸ்பீக்கரை மாட்டிவிட்டாய்” என்றேன். அவன் கேட்டுப் பார்த்தான். ஊளை இல்லை. என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அப்பொழுதும் இல்லை. ஆயினும் என் சொல்லுக்கு மதிப்பளித்து, தன் செலவில் வேறு இரண்டு ஒலிபெருக்கிகளை மாற்றிக் கொடுத்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதே ஊளை கேட்டது.

மூன்றாம் முறை போனபொழுது நான் பேசிய பேச்சு ஆசிரியன் பேசத் தகாத பேச்சு. “ஸ்பீக்கர்ல குறை இல்லை சார், வேற எங்கேயோ இருக்கு” என்று அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. கூலியைத் தர மறுத்துவிட்டு வந்தேன். அவன் திருப்பி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, அடையாறிலிருந்து என் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். அவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. திரு.வி.க. பாலத்தின்மேல் ஏறும்பொழுது ஊளை தன் கச்சேரியைத் தொடங்கியிருந்தது. பேத்தி என் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, “தாத்தா, நூறு பர்சென்ட் ஆயிடுச்சு” என்று சொல்லி, சார்ஜ் ஏற்றும் ஒயரைப் பிடுங்கினாள். பாட்டு நிற்கவில்லை, ஊளை மட்டும் நின்றது. மீண்டும் செருகச் சொன்னேன். ஊளை வந்தது. பிடுங்கச் சொன்னேன். போயிற்று. பாலத்தைக் கடந்து வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். தாத்தாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அந்தக் குழந்தை பயந்துவிட்டது.

தியாகராய நகருக்குப் போகும்பொழுதெல்லாம் நான் வண்டியை நிறுத்தியதும் கைப்பேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது வழக்கம். ஆகவே அந்த இளைஞன் கேட்ட காரும் நான் கேட்ட காரும் ஒன்றல்ல. அவனிடம் இருந்தது கைப்பேசி இல்லாத கார்.

மாணவர்களே, இனி நடந்தது என்ன என்று பார்ப்போம். கார் ஓடும்பொழுது வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருவது ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி. அதன் மூன்று சுருள்களில் எழுவது மாறுதிசை மின்னோட்டம். ஆறு டயோடுகள் அதை நேர்திசையாக்கி பாட்டரிக்கு அனுப்புகின்றன. என்ஜின் நின்றிருக்கும்பொழுது பாட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 12.6 வோல்ட், ஓடும்பொழுது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஆனால் அந்த 14 வோல்ட் குளத்து நீர்போல அசையாமல் இருப்பதில்லை. டயோடுகள் எவ்வளவுதான் நிரவினாலும் மேலே சிற்றலைகள் இருந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சிற்றலையின் அதிர்வெண்ணை நீங்களே கணக்கிடலாம். என்ஜின் நிமிடத்திற்கு 800 முறை சுழல்கிறது என்று கொள்வோம். பெல்ட்டினால் ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 2,000 முறை சுழலும். சுழலியில் பன்னிரண்டு துருவங்கள், அதாவது ஆறு இணைகள் இருந்தால், ஒவ்வொரு சுருளிலும் எழும் மின்னோட்டத்தின் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். மூன்று சுருளையும் நேர்திசையாக்கும்பொழுது ஒரு சுற்றுக்கு ஆறு சிற்றலைகள் தோன்றும். ஆகவே 1,200 ஹெர்ட்ஸ். என்ஜின் 3,000 சுற்றுக்கு ஏறினால் 4,500 ஹெர்ட்ஸ். மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லையில் அல்லவா இது வந்து நிற்கிறது! வேகத்தோடு சுருதி ஏறியபொழுதே ஊளை தன் பிறந்த ஊரைச் சொல்லிவிட்டது. கதவில் இருக்கும் ஒலிபெருக்கிக்கு என்ஜினின் வேகம் எப்படித் தெரியும்? இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்ற நாளில், சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று படித்தேன்; பிறகு எத்தனையோ வகுப்புகளுக்கு அதையே சொல்லியும் கொடுத்தேன். என் காரில் நான் எதையும் மாற்றிப் பார்க்கவில்லை. ஆளைத்தான் குறை சொன்னேன்.

சிற்றலை இருக்கட்டும், அது பாட்டுக்குள் எப்படி நுழைந்தது? காரில் மின்சாரம் திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி பெரும்பாலும் கிடையாது. பாட்டரியின் எதிர்முனையை வண்டியின் இரும்பு உடலோடு பிணைத்திருப்பார்கள். அந்த உடலே திரும்பும் பாதை. மெக்கானிக்குகள் இதை ‘எர்த்’ என்பார்கள். ரப்பர் சக்கரத்தின்மேல் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் என்ன மின்தொடர்பு என்று கேட்காதீர்கள், பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பாதையில் துருவோ பெயிண்டோ குறுக்கிட்டு, 0.01 ஓம் மின்தடை ஏற்பட்டு, 10 ஆம்பியர் ஓடினால், ஓம் விதிப்படி இரு முனைகளுக்கும் இடையே 0.1 வோல்ட் வேறுபாடு உண்டாகும். நூறு மில்லிவோல்ட் அற்பம் என்று தோன்றலாம். மெல்லிய இசைப் பகுதியில் கைப்பேசி கொடுக்கும் ஒலிக்குறியோ சில மில்லிவோல்ட்தான். அந்த நூறில் ஒரு சிறு பங்கு உள்ளே புகுந்தாலும் ஆம்பிளிபையர் பாட்டையும் அதையும் வேறு பிரிக்காமல் பெருக்கிவிடும்.

என் கைப்பேசி இரண்டு ஒயர்களால் கட்டப்பட்டிருந்தது. ஒன்று சிகரெட் லைட்டர் துளையில் செருகிய சார்ஜரிலிருந்து வந்தது. மற்றொன்று பாட்டைச் செட்டுக்குக் கொண்டுசெல்லும் ஆக்ஸ் ஒயர். சார்ஜருக்கு ஓர் எர்த். செட்டுக்கு வேறோர் எர்த். இரண்டுக்கும் இடையே இருந்த சிறு மின்னழுத்த வேறுபாட்டிற்கு என் கைப்பேசி பாலம் கட்டிக்கொடுத்தது. ஆக்ஸ் ஒயரின் வெளியுறை வழியே அந்தச் சிற்றலை ஓடிப் பாட்டோடு கலந்தது. ஒரு ஒயரைப் பிடுங்கியதும் வளையம் அறுந்தது, ஊளையும் நின்றது. ஒலிபெருக்கி, பாவம், கொடுத்ததைச் சொல்லிற்று.

இதற்கு மாற்று எளிது. ஆக்ஸ் ஒயரில் பாட்டுக் கேட்கும்பொழுது சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம். புளூடூத் வழியாகக் கேட்டால் அந்த ஒயரே வேண்டாம். ஒயர்கள் இரண்டும் வேண்டும் என்போர், சிறிய மின்மாற்றிகள் அடங்கிய தடுப்பான் ஒன்றை ஆக்ஸ் ஒயரின் நடுவில் இணைக்கலாம். ரிச்சி தெருவில் கிடைக்கும். மின்மாற்றி, கம்பியால் தொடாமலே ஒலிக்குறியைக் கடத்திவிடும் என்பது உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். மட்டமான தடுப்பானில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி சற்று மெலியும். எல்லாவற்றிலும் சிறந்தது, செட்டின் எர்த் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் இறுக்க முடுக்குவது. தனி ஆம்பிளிபையர் இருந்தால் அதன் ஒலி ஒயரை ஒரு பக்கமும், பாட்டரி ஒயரை மறுபக்கமும் கொண்டுசெல்ல வேண்டும்.

காரில் இரைச்சல் என்பது புதிய சங்கடமன்று. 1930இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் காருக்கு ரேடியோ செய்ய முற்பட்டபொழுது, அவருடைய ஆட்களுக்குப் பெருந்தொல்லை கொடுத்தது என்ஜினின் தீப்பொறிதான். ‘மோட்டோரோலா’ என்ற பெயர் அந்த ரேடியோவுக்கு இடப்பட்ட பெயர். 1887இல் ஹெர்ட்ஸ் மின்காந்த அலையை எழுப்பியது தீப்பொறியினால் அல்லவா? அப்படியானால் பெட்ரோல் காரின் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமே. அதன் ஒலி ஊளையாக வராது. ‘டிக் டிக்’ என்று வரும், வேகத்தோடு நெருங்கும். மின்தடை வைத்த பிளக்குகளும் ஒயர்களும் இதை அடக்குகின்றன. டீசல் வண்டியில் தீப்பொறி இல்லை. இந்தத் தொல்லையும் இல்லை.

சிறுவயதில் எங்கள் வீட்டு வால்வு ரேடியோவில் மத்திய அலை கேட்கும்பொழுது, எதிர்வீட்டில் மாவரைத்தால் எங்கள் வீட்டில் கச்சேரி கரகரக்கும். 1977 ஜூலை 23 அன்று இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னையில் பண்பலை ஒலிபரப்புத் தொடங்கிற்று. அப்பொழுது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தெளிவு எங்களுக்கு மாயமாக இருந்தது. தீப்பொறி இரைச்சல் அலையின் உயரத்தைத்தான் பெரிதும் கெடுக்கும். பண்பலையில் செய்தி இருப்பது அதிர்வெண்ணின் மாற்றத்தில்.

மற்ற இரைச்சல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே சீராக ‘உஸ்’ என்று வந்தால், ஆம்பிளிபையரின் பெருக்கத்தை அளவுக்கு மீறித் திருகிவைத்திருக்கிறார்கள். மேடுபள்ளத்தில் மட்டும் கரகரத்தால் எங்கோ ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கிறது. அதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், தளர்ந்த இணைப்புச் சூடேறும். ஓசையைக் கூட்டினால் மட்டும் குரல் உடைந்தால், ஆம்பிளிபையர் தன் சக்திக்கு மேல் உழைக்கிறது. தாழ்ந்த சுரங்களுக்கு மட்டும் கதவு கடகடத்தால், பாடும்பொழுதே கதவின் உள்பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். நின்றால் குற்றம் பலகையில். என் நண்பர் ஒருவருடைய காரில் கடகடத்தது, கதவுப் பையில் சுங்கச் சாவடிக்கென்று முன்பு போட்டு வைத்த சில்லறை!

ஒலிபெருக்கியையே ஐயுற நேர்ந்தால் அதற்கும் சோதனை உண்டு. அதைக் கழற்றி 1.5 வோல்ட் பாட்டரியை ஒரு நொடி தொட்டால், நேர்முனைக்கு நேர்முனை சரியாக இருக்கும்பொழுது கூம்பு வெளியே நகரும். 4 ஓம் ஒலிபெருக்கியின் மின்தடையை மீட்டரால் அளந்தால் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே காட்டும். இரண்டும் ஐந்து நிமிட வேலை. நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடவில்லை.

பாலத்தடியில் நின்ற மறுநாள் காலையில் தியாகராய நகருக்குப் போனேன். கைப்பேசியை வண்டியிலேயே வைத்து, இரண்டு ஒயர்களையும் செருகி, அவனை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டான். “இதை நீங்க மொதல்லயே காட்டியிருக்கலாமே சார்” என்றான். கோபம் இல்லாமல்தான் சொன்னான். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் தம்பி என்றேன். கூலியோடு அவன் எனக்காகக் கழற்றிப்போட்ட முதல் ஜோடியின் விலையையும் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டான். அந்த ஜோடியை வேறு வண்டிக்குப் போட்டுவிட்டானாம். அது நன்றாகப் பாடுகிறதாம்.

பிறகு செட்டை வெளியே இழுத்து, எர்த் ஒயரின் முனையைச் சுரண்டி, வேறிடத்தில் முடுக்கினான். புறப்படும்பொழுது இடது கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, உள்பலகையில் ஒரு கிளிப் விழுந்திருக்கிறது என்று சொல்லிப் புதியதை அழுத்தினான். அந்தக் கிளிப்புக்கு எவ்வளவு கேட்டும் அவன் காசு வாங்கிக்கொள்ளவில்லை.