திண்ணையில் உறங்கும் உறவு



கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் மார்கழிக் குளிர் எலும்பைத் தொடும். அக்குளிரில், பூட்டிய கடையின் திண்ணையில் சாக்கைப் போர்த்திப் படுத்திருப்பவரை ‘யாரோ ஒருவர்’ என்று நாம் கடந்து செல்கிறோம். அவர் நம் தந்தையின் உடன்பிறந்தவராக இருந்தால்?

சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் வேலையும் வீடும் பிணைந்தே இருந்து வந்துள்ளன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடளிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆயினும் அது வேலையைச் சார்ந்த வீடு. முதுமையோ நோயோ வேலையைப் பறிக்கும்போது லைன் வீடும் கைநழுவக்கூடும்.

மலையடியில் சேலம், அங்கே உறவினர் வாழ்கின்றனர். இடையில் இருப்பவை இருபது கொண்டை ஊசி வளைவுகள்தாம். ஆனால் மனத்தாங்கல்கள் அதனினும் நீளமானவை. “கடனைத் திருப்பித் தரவில்லை”, “குடித்தே கெட்டார்”, “அழைத்து வந்தால் ஜமாஅத்தார் என்ன சொல்வார்கள்?” என்கிறோம்.

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் வீடற்ற தோழர்களைத் தம் பள்ளிவாசலின் திண்ணையிலேயே தங்க வைத்தார்கள். அத்திண்ணைத் தோழர்களுள் ஒருவரே, மிக அதிகமான நபிமொழிகளை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள். வீடின்மை அவர்களுடைய மதிப்பைக் குறைத்ததா?

நம்மோடு சேர்ந்திருப்போருடன் மட்டும் சேர்ந்திருப்பது உறவைப் பேணுதல் ஆகாது. அறுந்த உறவை இணைப்பவரே உண்மையில் உறவைப் பேணுபவர் என்பது நபிகளாரின் போதனை. உறவினருக்கு அளிக்கும் தர்மத்திற்குத் தர்மத்தின் கூலியும் உறவைச் சேர்த்த கூலியும் உண்டு என்றும் அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

ஆகவே, முதலில் சென்று ஸலாம் கூறி அருகில் அமருங்கள். பழைய கணக்கைத் திறக்காதீர்கள். உடனே வர மறுத்தால், மீண்டும் செல்லுங்கள். முகவரி இழந்தவருக்கு ஓய்வூதியமும் குடும்ப அட்டையும் எட்டாமற்போகலாம். உங்கள் முகவரியைக் கொடுத்து, அவருடைய ஆவணங்களைப் பாதுகாத்துத் தாருங்கள். மனநோயோ குடிப்பழக்கமோ இருந்தால் அதைப் பாவப்பட்டியலாக வாசிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி உண்டு. வீட்டில் இடமில்லையேல், உடன்பிறந்தோர் கூடிச் சிறு அறை ஒன்றின் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். வறிய சகோதரனுக்கு ஜகாத்தும் கொடுக்கலாம் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பெற்றோர் விஷயமோ வேறு. அவர்களைப் பராமரிப்பது நம்மீது கடமை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் அதை வலியுறுத்துகிறது.

இன்றிரவு நம் வீட்டுக் கதவைத் தாழிடுமுன், நம் குடும்பத்தில் கதவில்லாமல் உறங்குபவர் யார் என்று ஒரு கணம் எண்ணுவோம். நாளையே அவரைத் தேடிப் புறப்படுவோம்.

உறவுகளை இணைத்து வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.