கேளாதோர் கண்ட தொலைபேசி

(விழாவையொட்டி நடந்த காது கேளாதோர் ஒன்றுகூடலில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்டைப் பங்குகளிலிருந்து வந்திருக்கும் காது கேளாத சகோதர சகோதரிகள் இன்று நம் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நாம் பேசுவதைச் சைகையால் அவர்களுக்கு எடுத்துரைக்கும் அருட்சகோதரிக்குக் கை ஓய வேண்டுமாதலால், இடையிடையே சற்று நிறுத்தியே பேசுவோம். அவர் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்தியும் விடுவோம்!

தொலைபேசியைக் கண்டவர் யாரென்றால் பள்ளிப் பிள்ளையும் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று சொல்லிவிடும். 1876ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் அதற்கான காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவருடைய தாயார் செவித்திறன் குன்றியவர் என்பதும், அவர் மணந்த மேபல் அம்மையார் ஐந்து வயதில் காய்ச்சலால் செவித்திறனை முற்றும் இழந்தவர் என்பதும், பெல்லே காது கேளாதோருக்குப் பேச்சுப் பயிற்றும் ஆசிரியராக இருந்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது. அத்தகையவர் கையால் பிறந்த கருவியைத் தம் இல்லத்து மனைவியே காதில் வைத்துக் கேட்க இயலாமற் போயிற்று என்றால் இதை என்னென்று சொல்வது!

தொலைபேசி பரவப் பரவக் காது கேளாதோரின் நிலை முன்னிலும் தாழ்ந்தது. கடிதம் எழுதிக் காத்திருந்த காலத்தில் கேட்பவரும் கேளாதவரும் ஒருவாறு சமமாகவே இருந்தார்கள். பின்னரோ வேலைக்கு ஆள் எடுப்பதும், மருத்துவரை அழைப்பதும், தீப்பிடித்தால் உதவி கேட்பதும் தொலைபேசி வழியே என்றாயிற்று. அண்டை வீட்டாரிடமோ, காது கேட்கும் தம் சிறு பிள்ளையிடமோ, “எனக்காகப் பேசு” என்று சொல்லி நிற்க வேண்டும். கடன் செய்தியும் நோய்ச் செய்தியும் குடும்பச் சச்சரவும் அந்தப் பிள்ளையின் வாய் வழியேதான் போக வேண்டும். நண்பரைக் காண நெடுந்தொலைவு போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதும் உண்டு. இவ்வாறு ஒன்றிரண்டு ஆண்டுகள் அல்ல, ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்தன.

இக்குறையைத் தீர்த்தவர்கள் மூவர். மூவரும் அமெரிக்க நாட்டினர். மூவரும் காது கேளாதவர்கள். இராபர்ட் வைட்பிரெக்ட் என்பவர் இயற்பியல் அறிஞர். வானொலி அலை வழியாகத் தட்டச்சுச் செய்தி அனுப்பிப் பழகியவர். ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் கலிபோர்னியாவில் பாசதீனா நகரத்துப் பல் மருத்துவர்; விமானமும் ஓட்டுவார். மூன்றாமவர் ஆண்ட்ரூ சாக்ஸ். காற்றில் அனுப்பும் செய்தியைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்பினால் என்ன என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

நம் நாட்டுத் தந்தி அலுவலகங்களிலும் செய்தித்தாள் நிலையங்களிலும் ஒரு காலத்தில் சடசடவென்று தானாக அச்சடித்துக்கொண்டிருந்த டெலிபிரிண்டரை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் அதே வகை இயந்திரந்தான். ஆனால் தொலைபேசி நிறுவனம் பிறர் கருவி எதையும் தன் கம்பியில் இணைக்க அந்நாளில் இடங்கொடுக்கவில்லை. வைட்பிரெக்ட் கம்பியைத் தொடாமலே காரியத்தை முடித்தார். இரண்டு குழிகள் உள்ள ஒரு பெட்டி. தொலைபேசியின் கைப்பிடியை எடுத்து அக்குழிகளில் கிடத்த வேண்டியதுதான். இங்கே ஓர் எழுத்தைத் தட்டினால் பெட்டி அதை இரண்டு வகைச் சீழ்க்கை ஒலிகளாக மாற்றும். ஒன்று விநாடிக்கு 1400 அதிர்வு, மற்றது 1800. இவ்விரண்டும் ஐந்து இடங்களில் மாறி மாறி வரும் முறையைக் கொண்டு இன்ன எழுத்து என்று மறுமுனைப் பெட்டி அறிந்து அச்சடிக்கும். காதுக்காகச் செய்த கம்பியில் ஒலியே ஓடியது, படித்தவையோ கண்கள்! 1964 மே மாதத்தில் வைட்பிரெக்டும் மார்ஸ்டர்ஸும் தொலைதூர அழைப்பில் இவ்வாறு உரையாடினார்கள்.

மணி அடித்தால் கேட்காதே என்பீர்கள். அதற்கு விளக்கு மின்னும்படி செய்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் எழுத்துகள் குழம்பும். ஆதலால் ஒருவர் முடித்ததும் “உம் முறை” என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைத் தட்டி மற்றவருக்கு வழிவிடுவார். நம் பங்குப் பேரவைக் கூட்டத்திற்கும் இவ்வழக்கம் வந்தால் நன்றாயிருக்கும்!

பெட்டி கிடைத்தது, இயந்திரத்திற்கு எங்கே போவது? புதியது வாங்க அவர்களுக்கு வசதியில்லை. பழையவற்றையோ நிறுவனங்கள் உடைத்துக் கழித்துவந்தன. 1968இல் அந்நிறுவனம் பழைய இயந்திரங்களைக் காது கேளாதோருக்கு விட்டுக்கொடுக்க இசைந்தது. அவற்றைப் பெற்றுப் பங்கிட அதே ஆண்டில் அவர்களே ஒரு சங்கம் கண்டார்கள். இருவர் சேர்ந்து தூக்கினாலும் மூச்சு வாங்கும் இரும்புப் பாரத்தை வண்டியில் ஏற்றி வந்து, வீட்டுக் கொட்டகையில் வைத்துத் துடைத்து, எண்ணெயிட்டு, பழுது நீக்கி, வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தார்கள். கண்டுபிடித்த பெருமையைவிட இந்த உழைப்பே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1990இல் அந்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்து, 1993 முதல் நாடெங்கும் இடைநிலைப் பணியாளர் முறையும் ஏற்பட்டது. ஒருவர் தட்டியதை இப்பணியாளர் வாசித்து மறுமுனையில் காது கேட்பவருக்குச் சொல்வார். அவர் பேசுவதைத் தட்டி அனுப்புவார். கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது அவருக்கு விதி. குருக்களாகிய நமக்கு அது எத்துணைப் பாரம் என்று தெரியும். பிள்ளையை நடுவில் நிறுத்திய காலம் அத்துடன் ஓய்ந்தது.

இன்று அவ்வியந்திரங்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. கைபேசியில் எழுத்தனுப்புகிறோம், காணொளியில் நம் இளைஞர்கள் சைகையாலேயே சிரித்துப் பேசுகிறார்கள். பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் வசதியும் வந்திருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பேச்சையும் ஆட்களின் பெயர்களையும் அது படுத்தும் பாடு சொல்லி முடியாது.

நம் ஆலயத்திலோ திருமண அறிக்கையும், இறப்புச் செய்தியும், பூசை நேர மாற்றமும் இன்றும் ஒலிபெருக்கியிலேயே போகின்றன. விழாவையொட்டி ஒலிபெருக்கியைப் புதுப்பிக்கவும் நன்கொடை சேர்ந்துள்ளது. அதில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடலாம் என்று முன்வரிசையில் இருப்பவர்களைக் கேட்டோம். திரை வேண்டும் என்பார்கள் என்று நினைத்திருக்க, அவர்கள் முதலில் கேட்டது வேறு: பங்கு அலுவலகத்தில் அழைப்புக்கு மட்டும் பதில் சொல்லாமல் எழுத்துச் செய்திக்கும் பதில் சொல்ல ஓர் ஆள். அடுத்தபடியாக, அறிக்கைகளை ஞாயிறு காலையில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். இரண்டிற்கும் காசு தேவையில்லை. வரும் ஞாயிறு முதல் இரண்டும் நடக்கும். செய்திகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பை இளைஞர் மன்றத்தார் ஏற்றிருக்கிறார்கள்.