திண்டுக்கல் பூட்டும் கணிப்பொறிக் கதவும்



திண்டுக்கல் நகரத்தார்க்குப் பூட்டின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் குடைப்பாறைப்பட்டியிலும் கையுழைப்பால் உருவாகும் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டைச் செய்பவர் தொழிலாளர். எனினும், வீட்டுக்கு எத்தனை கதவு வேண்டும், எக்கதவைத் திறக்க வேண்டும், எதனைச் சுவராக்கி அடைக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் வீட்டுக்குரியவரே. இவ்வுரிமையைப் பிறர் கையில் விட்டவர் தம் வீட்டில் தாமே குடிக்கூலியாளர் ஆவார்.

கணிப்பொறியைப் பொறுத்தவரை இற்றைத் தமிழர் நிலை இதுவே. கணிப்பொறியின் நினைவகத்தையும் கருவிகளையும் வலையிணைப்பையும் ஆள்வது இயங்குதளத்தின் நடுவே அமைந்த கருநிரல். ஆங்கிலர் இதனைக் 'கெர்னல்' என்பர். வெளியுலகிலிருந்து வரும் ஒவ்வொரு செய்திப் பொதியும் இக்கருநிரலைக் கடந்தே உள்ளே புகும். ஆகவே, வலைக் கதவுகள் அமைந்த இடம் இதுவே.

பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டுசு 1991-இல் தொடங்கிய இலினக்சுக் கருநிரல், 1992-இல் பொது உரிமத்தின்கீழ் வந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், தமக்கேற்பக் கட்டிக்கொள்ளலாம். இவ்வுரிமைக்கு விலையில்லை, எவரிடமும் கைகட்டி நிற்கவும் வேண்டுவதில்லை.

கட்டும் முறையும் மறைபொருள் அன்று. மூலநிரல் அடைவில் 'மேக் மெனுகான்பிக்' என்னும் கட்டளையை இட்டால் தெரிவுப் பட்டி விரியும். அதில் வலையமைப்புக்கெனத் தனிக்கிளை உண்டு. பெரும்பாலான தெரிவுகளுக்கு மூன்று விடைகள் உள்ளன. 'ஒய்' என்றால் அக்கூறு கருநிரலிலேயே பொதியப்படும்; 'எம்' என்றால் வேண்டும்போது ஏற்றத்தக்க தனிக்கூறாகும்; 'என்' என்றால் அறவே விலக்கப்படும்.

விலக்கக் கூடாதவை சில உண்டு. ஒரே கணிப்பொறிக்குள் நிரல்கள் தமக்குள் உரையாடும் 'யூனிக்சு' இணைப்பு வாயிலை நீக்கினால் திரைப் பணிகளே முடங்கும். முகவரி பெறும் நிரல்கள் பல பொதி வாயிலை நம்பியிருப்பவை. பொதிகளைச் சலித்துத் தீயரண் எழுப்ப 'நெட்பில்ட்டர்' இன்றியமையாதது. வலையட்டையின் இயக்கியோ கருவி இயக்கிகள் என்னும் வேறொரு கிளையில் உள்ளது. அதனை மறந்தவர் எல்லாக் கதவும் அமைத்துத் தெருவை அமைக்க மறந்தவர் ஆவார். ஆறாம் பதிப்பு வலைமுகவரி நெறியையும் வேண்டாததென ஒதுக்குதல் இன்று பேதைமை. ஏறத்தாழ 430 கோடி என்னும் அளவுடைய நான்காம் பதிப்பு முகவரிகளின் உலகப் பொது இருப்பு 2011 பிப்பிரவரியிலேயே தீர்ந்துவிட்டது.

இனி, வேண்டாக் கதவால் விளைந்த கேட்டைக் காண்க. 'டி.சி.சி.பி.' என்னும் வலை நெறி 2005-இல் இலினக்சில் சேர்ந்தது. அதனைப் பயன்படுத்தியோர் மிகச் சிலர். ஆயினும், எல்லார்க்கும் பொருந்த வேண்டும் எனக் கருதிய வெளியீட்டாளர் பலர், அதற்கு 'எம்' என விடையளித்து விட்டிருந்தனர். அதன் நிரலில் பல்லாண்டு மறைந்திருந்த பிழையொன்று 2017 பிப்பிரவரியில் வெளிப்பட்டது. கணிப்பொறியில் எளிய பயனராக நுழைந்தவர் அப்பிழையின் வழியே முழு ஆட்சியையும் கைப்பற்ற இயலும் என்பது தெரியவந்தது. 'எம்' என்பது பூட்டிய கதவன்று. தட்டினால் தானே திறக்கும் கதவு. எளிய பயனர் அவ்வாயிலைக் கேட்ட அளவிலேயே கருநிரல் அக்கூறைத் தானே ஏற்றிக்கொண்டது. 'என்' என முன்பே விடையளித்தவர்க்கோ அப்பிழையால் ஊறு நேரவில்லை. இல்லாத கதவைத் திறக்க எக்கள்வனாலும் இயலாதன்றோ! 2025-இல் அந்நெறியே இலினக்சிலிருந்து நீக்கப்பட்டது.

தாமே கட்டுவதில் பொறுப்பும் உண்டு. பிழைதிருத்தம் வெளிவரும்போதெல்லாம் மீண்டும் கட்டியாக வேண்டும். சோம்பியிருந்தால் வெளியீட்டாளரின் கருநிரலே மேலானது. பழைய கருநிரலை அழிக்காமல் வைத்திருத்தலும், பயனிலுள்ள கூறுகளை மட்டும் கணக்கெடுக்கும் 'லோக்கல்மாட்கான்பிக்' வழியில் தொடங்குதலும் அறிவுடையார் செயல்.

இத்தனை உரிமை இருந்தும் தமிழிளைஞர் கைவிரல் தயங்குவது ஏன்? ஒவ்வொரு தெரிவுக்கும் உரிய விளக்கம் ஆங்கிலத்திலேயே உள்ளது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் நடுவம் உருவாக்கிய 'பாசு' இலினக்சும் மாணவர் கைக்கு வந்தது. கருவி வந்தது, அதன் உள்ளறிவு தாய்மொழியில் வரவில்லை. வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும் தமிழ்வழி பயின்ற பிள்ளை, புரியாத தெரிவுக்கெல்லாம் 'ஒய்' எனத் தலையாட்டும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. அறியாமல் இசைவது உரிமையன்று, அடிமைத்தனமே. அது அப்பிள்ளையின் குற்றமும் அன்று. தமிழில் எழுதிவைக்காத கற்றறிந்தோர் குற்றமே.

2012 முதல் 'கணியம்' போன்ற இதழ்கள் இத்துறையைத் தமிழில் எழுதிவருவது போற்றத்தக்கது. அப்பணி ஊர்தோறும் பெருக வேண்டும். கல்லூரிதோறும் ஒரு குழு கூடி, வலைத் தெரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது யாது, யார்க்கு வேண்டும், விலக்கினால் என்னாகும் என்று மூன்று வரித் தமிழில் எழுதட்டும். பழைய கணிப்பொறி ஒன்றில் கட்டிப் பார்த்து, பிழைத்தால் மீண்டும் கட்டட்டும். இரும்பை அராவிப் பூட்டமைக்கும் ஊருக்கு இது அரிய செயலன்று.

மொழியுரிமை மேடையோடு முடிவதன்று; கருவியின் கருவரை செல்ல வேண்டுவது. தன் கதவைத் தானே தெரிந்து அமைக்கட்டும் தமிழினம்!

வெல்க தமிழ்!