தானமாக வந்த விடுதலையா?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிரேசில் நாட்டின் பள்ளிக்கூடங்களில் வெகுகாலம் ஒரு கதை சொல்லிக்கொடுத்து வந்தார்கள். 1888 மே 13-ம் தேதி இசபெல் என்ற ராஜகுமாரி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டாள். அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றார்கள் என்பதே அந்தக் கதை. கையெழுத்துப் போட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கையைப் பிடித்துக் காகிதத்தின் மீது வைத்தது யார்? அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

300 ஆண்டுகளுக்கு மேலாக ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 48 லட்சம் மக்களை விலங்கிட்டுக் கொண்டுவந்து பிரேசில் கரையில் இறக்கினார்கள். அமெரிக்கக் கண்டத்தில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இறக்கப்படவில்லை. கரும்பு வெட்டியவர்கள் அவர்கள். கொதிக்கும் கொப்பரையில் பாகு காய்ச்சியவர்கள் அவர்கள். தங்கம் தோண்டியவர்களும் காப்பித் தோட்டம் போட்டவர்களும் அவர்களே. சாட்டையடி அவர்களுக்கு, லாபம் எஜமானர்களுக்கு!

இந்த மக்கள் விதியே என்று கிடந்தார்களா? இல்லை, தோழர்களே. காட்டுக்குள் ஓடினார்கள். ஓடியவர்கள் ஒளிந்து வாழவில்லை, ஊர் அமைத்தார்கள். அத்தகைய ஊர்களுக்குக் கிலோம்போ என்று பெயர். அவற்றில் மிகப் பெரியது பல்மாரிஸ். வடகிழக்கு மலைக்காட்டில், 17-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் அது நிலைத்து நின்றது. ஆயிரக்கணக்கான பேர் அங்கே மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டார்கள்; இரும்பு உருக்கி ஆயுதம் செய்தார்கள். டச்சுக்காரர்களும் போர்ச்சுகீசியரும் மாறி மாறிப் படையெடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை.

படையால் முடியாதபோது ஆளும் வர்க்கம் என்ன செய்யும்? சமாதானம் பேசும். 1678-ல் பேசியது. பல்மாரிஸிலேயே பிறந்தவர்களுக்கு விடுதலை. வெளியிலிருந்து ஓடிவந்தவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதிப் பேருக்குச் சலுகை கொடுத்து மறுபாதியின் கழுத்தில் கயிற்றை மாட்டும் இந்தத் தந்திரம் நமக்குத் தெரியாததா? தலைவர் கங்கா ஜும்பா ஒப்புக்கொண்டார். ஜும்பி என்ற வீரர் மறுத்துவிட்டார். போர் தொடர்ந்தது. 1694-ல் கோட்டை வீழ்ந்தது. 1695 நவம்பர் 20-ல் ஜும்பியைக் கொன்று, தலையை வெட்டி ரெசிஃபே நகரில் காட்சிக்கு வைத்தார்கள்.

ஆலைத் தொழிலாளர்கள் கட்டாயம் அறிய வேண்டிய இன்னொரு சம்பவம் உண்டு. பாயியா மாகாணத்தில் சாந்தானா என்ற கரும்பாலை. 1789-ஐ ஒட்டிய காலம். அடிமைகளில் சுமார் 50 பேர் கங்காணியைக் கொன்றுவிட்டு, ஆலையின் கருவிகளையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்கள். ஆலை நின்றது. பிறகு எஜமானுக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்பினார்கள். நன்றாகக் கவனியுங்கள்: வெள்ளியும் சனியும் எங்கள் சொந்த வேலைக்கு வேண்டும், வெட்டும் கரும்பின் அளவைக் குறைக்க வேண்டும், ஆலை உருளையருகில் போதிய ஆட்களை நிறுத்த வேண்டும், இப்போதுள்ள கங்காணிகள் வேண்டாம், எங்கள் சம்மதத்தோடுதான் புதியவர்களை நியமிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முடிவாக ஒன்று: நாங்கள் நினைத்தபோது ஆடுவோம், பாடுவோம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கமாட்டோம்!

தொழிற்சங்கம் என்ற சொல்லே அறியாதவர்கள் எழுதிய கோரிக்கை மனு இது. எஜமான் சம்மதிப்பதுபோல் நடித்தான். நம்பித் திரும்பியவர்களை வஞ்சகமாகப் பிடித்தான். தலைவர் கிரிகோரியோ லூயிஸ் சிறைக்குப் போனார்.

அடுத்து, 1881-க்கு வருவோம். சியாரா மாகாணத்தின் போர்த்தலேசா நகரில் கப்பல் கரைக்கு வர முடியாது. நமது கட்டுமரம் போன்ற ஜங்காடாவில்தான் ஆட்களையும் சரக்கையும் கப்பலுக்கு ஏற்ற வேண்டும். அந்தச் சொல்லே நம் பக்கத்து மலையாளக் கரையின் சங்ஙாடம்தான், போர்ச்சுகீசியர் கொண்டுபோனது. தெற்கே காப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்ட அடிமைகளைக் கப்பலில் ஏற்றமாட்டோம் என்று அந்த ஜங்காடாத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். துறைமுகத்தில் அடிமை வியாபாரம் நின்றது. 1884 மார்ச் 25-ல், நாட்டுச் சட்டத்துக்கு 4 ஆண்டுகள் முன்பே, சியாராவில் அடிமைமுறை ஒழிந்தது.

1887-ல் சான் பாவ்லோ காப்பித் தோட்டங்களிலிருந்து அடிமைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஓடுபவர்களைப் பிடிக்கும் வேலைக்கு எங்களை அனுப்பாதீர்கள் என்று ராணுவ அதிகாரிகளே ராஜகுமாரியிடம் மனுக் கொடுத்தார்கள். பிடித்து வைக்கப் படையில்லாத நிலையில்தான், தோழர்களே, அந்தக் கையெழுத்து விழுந்தது!

சட்டத்தில் இருந்தவை இரண்டே ஷரத்துக்கள். ஒரு காணி நிலம் கொடுக்கவில்லை. ஒரு காசு கூலிப் பாக்கி கொடுக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1890-ல் வந்த தண்டனைச் சட்டம், அடிமைகள் வளர்த்த கப்போய்ரா என்ற தற்காப்பு ஆட்டத்தைத் தெருவில் ஆடினால் சிறை என்றது. அவர்களுடைய கந்தோம்பிளே வழிபாட்டு இடங்களில் போலீஸ் புகுந்து முரசுகளைப் பறித்தது.

பாட்டுக்கும் முரசுக்கும் ஏன் இந்தப் பயம்? சேர்ந்து பாடுகிறவன் சேர்ந்து நிற்பான் என்று எஜமானர்களுக்குத் தெரியும். ஆனால் தடை தோற்றது. 1937-ல் மெஸ்த்ரே பிம்பாவின் கப்போய்ராப் பள்ளியை சர்க்கார் அங்கீகரித்தது. 2014-ல் யுனெஸ்கோ அந்த ஆட்டத்தை உலக மக்களின் பாரம்பரியமாக ஏற்றது. ஜும்பி கொல்லப்பட்ட நவம்பர் 20-ஐத்தான் நாம் கொண்டாடுவோம், மே 13-ஐ அல்ல என்று கறுப்பின மக்கள் 1971-ல் தொடங்கினார்கள். 2024 முதல் அது நாடு முழுவதும் விடுமுறை நாள்.

நாள் கிடைத்துவிட்டது, நிலம் கிடைக்கவில்லை. கிலோம்போ வழிவந்தோருக்கு அவர்களுடைய நிலம் உரிமை என்று 1988 அரசியல் சட்டம் எழுதியது. 2022 கணக்கெடுப்பில் அவர்கள் 13 லட்சம் பேர். பட்டா பெற்ற நிலத்தில் வாழ்பவர்களோ 100-க்கு 5 பேர்கூட இல்லை!

ஆகவே, யாராவது நம்மிடம் வந்து, உரிமைகள் மேலிருந்து அருளப்பட்டவை என்று சொன்னால், சாந்தானா ஆலையின் கோரிக்கை மனுவை அவர்களுக்குச் சொல்லுவோம். எஜமானின் வாய்ச்சொல்லை நம்பி அவர்கள் பட்ட பாட்டையும் மறவாமல் சொல்லுவோம்.