கைபேசிக்குள் ஓர் ஊர்

(மலைத் தோட்டக் கிளைகளின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பட்டா, ரேஷன் கார்டு என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று பிள்ளைகளின் கைபேசி விளையாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சின்ன விஷயம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இதுவும் கூலிப் பிரச்சினைதான்.

கொரோனாவால் பள்ளிகள் அடைபட்டபோது, 2020 சூன் முதல் தேதி, கேரள அரசு விக்டர்ஸ் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பாடம் நடத்தத் தொடங்கியது. பிள்ளையின் படிப்பு கெடக்கூடாதென்று கடனிலும் தவணையிலும் கைபேசி வாங்கிக் கொடுத்தவர்கள் நம்மில் பலர். பாடம் வந்த அதே கருவியில்தான் பப்ஜியும் ப்ரீ ஃபயரும் வந்தன. ப்ரீ ஃபயர், விலை குறைந்த கைபேசியிலும் ஓடும்படி செய்யப்பட்ட விளையாட்டு. ஏழை வீட்டுக்குள் அது எளிதாக நுழைந்தது அதனால்தான்.

பையன் அதில் என்னதான் காண்கிறான்? பப்ஜியில் நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். நான்கு பேர் ஓர் அணி. பேசிக்கொண்டே ஆடலாம். மூணாறு லயத்துப் பையனும் கோயம்புத்தூர்ப் பையனும் ஒரே அணியில் தமிழில் பேசி, ஒருவனை ஒருவன் காப்பாற்றுகிறார்கள். தோழர்களே, இங்கே அவனைப் "பாண்டி" என்கிறார்கள். சொந்த ஊருக்குப் போனால் "மலையாளத்தான்" என்கிறார்கள். விளையாட்டுக்குள் அவன் பெயர் அவனே வைத்துக்கொண்ட பெயர். அங்கே அவனுக்கு ஓர் ஊர் கிடைக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் கைபேசியைப் பிடுங்கி எறிவதால் பயனில்லை.

ஆனால் அந்த ஊருக்கு முதலாளி இருக்கிறான். விளையாட்டு இலவசம். சட்டை, தொப்பி, துப்பாக்கியின் வண்ணம், எல்லாம் காசு. தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் போச்சு. தோட்டத்துச் செக்ரோல் தெரியுமே, அதே கணக்கு! செக்ரோலில் பேர் விழுந்தால் நமக்குக் கூலி உண்டு. இங்கே வேலையும் பையனுடையது, செலவும் பையனுடையது, இலாபம் மட்டும் கம்பெனிக்கு.

அந்த ஊரில் எல்லோரும் நல்லவர்களா? பப்ஜி ஆடிக்கொண்டே ஆபாசமாகப் பேசி, பெண்களை இழிவுபடுத்தி, இலட்சக்கணக்கான இளைஞர்களைக் கேட்க வைத்த ஒரு தமிழ் யூடியூபரை 2021 சூனில் காவல்துறை தருமபுரியில் கைது செய்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

அரசு தடை செய்யவில்லையா என்பீர்கள். செய்தது. 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி தடை. நம் பிள்ளைகளுக்காக அல்ல. சீனத்தோடு மூண்ட தகராறு. 2021 சூலையில் அது வேறு பெயரில் திரும்பியது. 2022-ல் மறுபடி நிறுத்தினார்கள், 2023-ல் மறுபடி விட்டார்கள்.

இனிப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஆடுவது விளையாட்டு. நாம் ஆடும் ரம்மி சூதாட்டம். 2021-ல் கேரள அரசு ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது. அதே செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. நவம்பரில் ரம்மிக்கு அது செல்லாதென்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வழக்கு, இந்தப் பக்கம் ஒரு வழக்கு. நடுவில் கரைந்தது கூலிக்காரன் காசு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நடத்துபவனுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவனுக்குத் தண்டனை இல்லை. ஆகவே ஏமாந்தவர்கள் பயந்து மறைக்க வேண்டாம். உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் கைபேசியே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. நம்மவர் எழுபது பேரை இழந்தோம். தொலைத்தொடர்பு அற்றுப்போயிருந்ததால் விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது. சிக்னல் நமக்கு ஆடம்பரமல்ல, உயிர்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. விளையாட்டிலிருந்து மீள முடியாத பிள்ளைகளுக்காகக் கேரளக் காவல்துறை 2023-ல் டி-டாட் ஆலோசனை மையங்களைத் தொடங்கியபோது ஆறு நகரங்களைத் தேர்ந்தது. அதில் இடுக்கியும் இல்லை, பாலக்காடும் இல்லை. மூணாறிலும் சித்தூரிலும் தமிழ் பேசும் ஆலோசகரோடு அப்படி ஒரு மையம் வேண்டும். தோட்டம்தோறும் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பணம் அனுப்பும் இரகசிய எண்ணைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். யாரோடு ஆடுகிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கிளைதோறும் மாலையில் படிப்பகத்தைத் திறந்து வையுங்கள். கேரம் பலகை ஒன்று போடுங்கள்.

2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் கூடி உட்கார்ந்த நம் பெண்கள், கூட்டம் என்றால் என்ன பலம் என்று நாட்டுக்கே காட்டினார்கள். அந்தப் பலத்தைப் பிள்ளைகளும் நேரில் அறியட்டும். கைபேசிக்குள் கிடைக்கும் ஊரைவிட நம் லயம் நல்ல ஊராக இருந்தால், அவன் தானே எழுந்து வெளியே வருவான்.