போதும் என்று சொல்லும் மருந்து

பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் தஞ்சாவூருக்குப் போய் இதயத்தில் ஸ்டென்ட், அதாவது ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல், வைத்துக்கொண்டு வந்தார். "அடைப்புதான் எடுத்தாச்சே, இனி மாத்திரை எதுக்கு?" என்கிறார்.

பதில் தெரிய கொஞ்சம் பின்னே போவோம். 1977-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்ற டாக்டர், இதய ரத்தக்குழாய் அடைப்பை முதன்முதலாகப் பலூனால் விரித்தார். ஆனால் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, சில மாதங்களிலேயே குழாய் மறுபடி சுருங்கியது.

ஏன்? பலூன் அழுத்தியதில் குழாயின் உள்படலம் காயப்படுகிறது. அங்கே ஒட்டிக்கொள்ளும் ரத்தத் தட்டணுக்கள் பிடிஜிஎஃப் என்ற புரதத்தை விடுகின்றன. சுவரிலுள்ள மென்தசைச் செல்களுக்கு அதுதான் அழைப்பு. அதுவரை சுருங்கி விரிவதே வேலையாக இருந்த அவை, உள்ளே நகர்ந்து, பெருகி, சுவரைத் தடிக்க வைக்கின்றன. கரை உடைப்பை அடைக்க வந்த ஊர்க்காரர்கள், அடைத்த பிறகும் மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தால் வாய்க்கால் தூர்ந்துபோகாதா?

ஸ்டென்ட் வைக்கும்போதும் இதே சிக்கல்தான். அந்தச் செல்களிடம் 'போதும்' என்று சொல்லும் மருந்து ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்தது. பெயர் சிரோலிமஸ். 1999-ல் பிரேசிலில் அதைப் பூசிய ஸ்டென்டை மனிதருக்குப் பொருத்தினார்கள்.

ஆனால் அந்த மருந்து உள்படலம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். ஆறும்வரை ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காப்பது மாத்திரைதான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.