நம் கைக்கு வந்த கணிப்பொறி
(வெள்ளி விழாவையொட்டிப் பட்டினப்பாக்கத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வீட்டில் கணிப்பொறி வைத்திருப்போர் அன்றாடம் அறிந்திருக்க வேண்டியவை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். இது சிறிய பொருள் எனச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம் முன்னோர் எழுத்துக் கருவியைச் சிறிதாக எண்ணியவர்கள் அல்லர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல், இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். அன்று அச்சு இயந்திரம் எத்தகையதோ, இன்று கணிப்பொறி அத்தகையது. சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, அரசுத் தேர்வு ஆகிய யாவற்றுக்கும் விண்ணப்பம் இப்போது அதன் வழியே செல்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் நம் வீடுகள் பலவற்றிலும் அக்கருவி நுழைந்தது. கருவி வந்த அளவுக்கு அதனை ஆளும் பழக்கம் வந்ததா என்பதே நம் கேள்வி.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதையும், 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்ததையும் இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வெள்ளத்தில் நாங்கள் வகுப்பு நடத்திய அறையிலிருந்த கணிப்பொறி மூழ்கிற்று. மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் படிகளும் பல ஆண்டுப் பதிவேடுகளும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. வீட்டிலிருந்த அசலும் நனைந்து, இங்கிருந்த படியும் அழிந்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பிள்ளைகளின் முகம் இன்னும் எங்கள் கண்ணில் நிற்கிறது. வெள்ளத்தை நாம் தடுத்திருக்க முடியாது. படி எடுத்து வைத்திருக்க முடியும்.

ஆதலால் முதல் விதி இது: முக்கியமான எந்தக் கோப்புக்கும் மூன்று படிகள் வேண்டும். ஒன்று கணிப்பொறியில்; ஒன்று பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ; மற்றொன்று வீட்டைவிட்டு வெளியே, கூகிள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் அல்லது வேறு பகுதியில் வாழும் உறவினர் வீட்டில். மாதம் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு படிகளைப் புதுப்பியுங்கள். அத்துடன், 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. வழங்கிய துறையிடமிருந்தே நேராக வந்து சேரும் சான்றிதழ் சட்டப்படி அசலுக்கு இணையானது. நாமே படமெடுத்து ஏற்றியது வெறும் படி மட்டுமே. இரண்டையும் ஒன்றெனக் கருதி நேர்முகத் தேர்வுக்குச் சென்று ஏமாறாதீர்கள்.

இரண்டாவது, தமிழில் எழுதுதல். நாங்கள் ஒருமுறை பழைய எழுத்துரு ஒன்றில் மனு தட்டச்சு செய்து அனுப்பினோம். பெற்றுக்கொண்ட இடத்தில் அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் திறந்தது; கடைசி நாள் கடந்துபோயிற்று. பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்தவை. அதே எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை படிக்கத் தகாதவை. யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் உலகெங்கும் ஒரே எண். தமிழக அரசும் 2010 ஜூனில் இதனை ஏற்றுக்கொண்டது. எனவே எப்போதும் யூனிகோடிலேயே எழுதுங்கள். பழைய கோப்புகளை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்னும் இலவச மென்பொருள் உதவும்.

விசைப்பலகைக்குத் தமிழ்99 முறையைப் பரிந்துரைக்கிறோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கிவிடும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். பட்டினப்பாக்கம் என எழுத ப, ட, ட, இ, ன, ப, ப, ஆ, க, க, ம, புள்ளி என்று பன்னிரண்டு தட்டுகள் போதும். நாள்தோறும் அரைமணி நேரம் பழகுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடும் தொல்லை தானே நீங்கும்.

மூன்றாவது, மென்பொருள். திருட்டுப் படி வாங்கி நிறுவுவதை விட்டுவிடுங்கள். அதனோடு நச்சுநிரலும் வீட்டுக்குள் வரும். கடிதத்துக்கும் கணக்குக்கும் 2010இல் தோன்றிய லிப்ரே ஆபீஸ் விலையின்றிக் கிடைக்கிறது. வேர்டு, எக்செல் கோப்புகளையும் திறக்கும். படம் திருத்த கிம்ப், காணொளி பார்க்க வி.எல்.சி., கோப்புகளைச் சுருக்க 7-ஜிப், பார்வையற்ற நம் தோழர்களுக்குத் திரையைப் படித்துக் காட்ட என்.வி.டி.ஏ. ஆகிய யாவும் இலவசமே. எதையும் அதனதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவடைந்தது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணிப்பொறியை எடைக்குப் போடவேண்டா. லினக்ஸ் மின்ட் நிறுவினால் மாணவர் படிப்புக்கு அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

நான்காவது, காவல். இணைய மையத்தில் விண்ணப்பித்தால் வெளியேறும் முன் கணக்கிலிருந்து வெளிவருவதோடு, இறக்கிய சான்றிதழ்களையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். மின்னஞ்சலுக்கு இருபடிச் சரிபார்ப்பு வையுங்கள். உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று கேட்பவர் எவராயினும் வஞ்சகரே. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு இலாபம்.

இறுதியாக, கடலோரத்தில் வாழும் நமக்கு மட்டுமே உரிய ஒரு குறிப்பு. உப்பீரக் காற்று உலோக இணைப்புகளை அரித்துவிடும். கடல் பார்த்த சன்னலருகே கணிப்பொறியை வைக்காதீர்கள். வாரக்கணக்கில் மூடிவைப்பதினும் நாள்தோறும் சிறிது நேரம் இயக்குவது நன்று. அச்சூடு ஈரத்தை விரட்டும். நிறுத்தி, சூடு ஆறிய பின்னரே உறையிடுங்கள். தரைத்தளத்தில் இருப்போர் மழைக்காலத்தில் அதனை மேசைக்குக் கீழே வைக்கவேண்டா.

இளைஞர்களே! இவற்றுள் எதுவும் பெரும் படிப்பு வேண்டுவதன்று. ஆயினும், தெரியாத காரணத்தால் ஒரு பிள்ளை ஓராண்டு உதவித்தொகையை இழக்கக்கூடும்; ஓர் இடம் கைநழுவக்கூடும். முதல் தலைமுறையாகப் படிக்கவரும் வீட்டுக்கு அந்த ஓராண்டு எத்துணைப் பெரிது என்பதை நாம் அறிவோம். ஆகவே ஒன்று வேண்டுகிறோம். இன்று வீடு திரும்பியதும் உங்கள் சான்றிதழ்களுக்குப் படி எடுங்கள். அடுத்த ஞாயிறன்று அண்டை வீட்டுப் பிள்ளையின் சான்றிதழ்களுக்கும் படி எடுத்துக் கொடுங்கள். கற்றவர் ஒருவர் மற்றொருவருக்குக் கற்பித்ததால்தான் இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டு கண்டது. அப்பணி தொடர்க!